கீழே கேட்குமா? வானொலியின் வரலாறும் நம் குரலும்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழரின் பெயர் பதாகையில் இருக்கிறது. அவருடைய ஒரு பழக்கம் உங்களில் பலருக்குத் தெரியும். எந்தக் கூட்டமானாலும் கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருப்பவரிடம் போய் மைக்கை நீட்டிவிடுவார். அவருக்குச் செய்யும் மரியாதையாக, மைக் யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை என்பதைப் பற்றியே இன்று பேசலாம் என்று நினைத்தேன். அதனால்தான் வானொலியை எடுத்துக்கொண்டேன்.

இடம் பார்ப்பதற்காகப் போன மாதம் இங்கே வந்தபோது, பெரியூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. சினிமாப் பாட்டு முடிந்து, யாரோ ஒருவர் தக்காளிக்கு என்ன மருந்து அடிப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாமை புடைத்துக்கொண்டிருந்த ஓர் ஆயா என்னைப் பார்த்துக் கேட்டார்: "இந்தப் பொட்டியில நாங்க பேசுனா கீழ இருக்கறவங்களுக்குக் கேக்குமா தம்பி?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த உரை அவருக்கு நான் தேடிப் பார்த்த பதில்.

அச்சு நம் கையில் இருந்தது

வானொலி வருவதற்கு முன்பே நாம் பேசத் தொடங்கிவிட்டோம் என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். எந்தச் சொல்லால் நம்மை இழிவுபடுத்தினார்களோ அதையே இதழின் பெயராக முகப்பில் அச்சிட்டார். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' இதழைக் கொண்டுவந்தார். ஆய்வாளர் ஜெ. பாலசுப்பிரமணியம் தலித் இதழ்களைப் பற்றி எழுதிய 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' நூல் 1869 தொடங்கி 1943 வரையிலான காலத்தை எடுத்துக்கொள்கிறது. எழுபதாண்டுகளுக்கும் மேலாக நம் முன்னோர் தாமே எழுதி, தாமே அச்சிட்டு, தாமே விற்றிருக்கிறார்கள்.

அச்சு எந்திரத்துக்குப் பணம் வேண்டும், காகிதம் வேண்டும், வாங்கிப் படிக்க ஆள் வேண்டும். கஷ்டம்தான். ஆனாலும் நாலு காசு சேர்ந்தால் ஓர் இதழைக் கொண்டுவர முடிந்தது. பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தச் சட்டங்கள் இருந்தன. ஆனால் அச்சுத் தொழிலையே அரசு தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை.

வானொலியில் நிலைமை வேறு. காற்றில் போகும் அலைக்கு அரசே எஜமான் என்று ஆனது.

உரிமம் என்னும் பூட்டு

1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் தந்தி நிறுவும் உரிமையை அரசிடம் வைத்தது. வானொலி வந்ததும் அதுவும் அதே சட்டத்தின் கீழ் போயிற்று. 1933இல் வந்த கம்பியில்லாத் தந்திச் சட்டம், ஒலிபரப்பும் கருவி மட்டுமல்ல, கேட்கும் பெட்டியைக்கூட உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது என்றது. உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும்: ரேடியோ வைத்திருந்தால் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். 1980களின் நடுப்பகுதி வரை இது நடந்தது.

தமிழ்நாட்டில் வானொலி தொடங்கியது அரசாங்கத்தால் அல்ல. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முதலானோர் சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பு தொடங்கியது. பணமில்லாமல் 1927இல் கழகம் நின்றது. அதன் கருவியைச் சென்னை மாநகராட்சி வாங்கிக்கொண்டு 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து மாலையில் பாட்டு கேட்க வைத்தார்கள். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒலிபரப்பு இருந்தது. பெட்டி வாங்க முடியாத ஏழையும் நின்று கேட்கலாம் என்ற நல்ல அம்சம் அதில் இருந்ததை மறுக்கக் கூடாது.

பிறகு தில்லி வந்தது. 1936இல் அகில இந்திய வானொலி என்ற பெயர் வந்தது. 1938 ஜூன் 16 அன்று சென்னை நிலையமும், 1939 மே 16 அன்று திருச்சி நிலையமும் தொடங்கின. திருச்சி நிலையத்தைத் தொடங்கிவைத்தவர் அன்றைய சென்னை மாகாணப் பிரதமர் ராஜாஜி. அன்று முதல் நெடுங்காலம் தமிழ்நாட்டில் காற்றில் பேசும் உரிமை ஒரே ஒரு வீட்டுக்குத்தான் இருந்தது. அது அரசாங்கத்தின் வீடு. 'பறையன்' இதழை நடத்தியதுபோல ஒரு வானொலியை நடத்த யாரேனும் விரும்பியிருந்தால், பணம் கிடைத்திருக்கலாம், அனுமதி கிடைத்திருக்காது. நம் இதழ் மரபு மெலிந்த காலமும் வானொலி வளர்ந்த காலமும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஒன்றால் மற்றொன்று நேர்ந்தது என்று நான் சொல்லவில்லை. வெகுமக்கள் ஊடகம் காகிதத்திலிருந்து காற்றுக்கு மாறிய நேரத்தில் நாம் வாசலுக்கு வெளியே நின்றோம் என்று சொல்கிறேன்.

எந்தக் குரல் தேறியது

உள்ளே போக வழியே இல்லையா என்றால், இருந்தது. குரல் தேர்வு என்று ஒன்று உண்டு. பாடகரோ அறிவிப்பாளரோ, தேர்வுக் குழு முன் பாடிக் காட்ட வேண்டும், வாசித்துக் காட்ட வேண்டும். தரம் பார்ப்பது தவறல்ல. ஆனால் தரம் என்று எதைச் சொன்னார்கள்?

ஆர்மோனியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது நம் இசையின் நுட்பமான அசைவுகளுக்குப் பொருந்தாத அயல் கருவி என்று சொல்லி 1940இல் அகில இந்திய வானொலி அதை விலக்கியது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் அந்தத் தடை இருந்தது. செவ்விசை அறிஞர்களுக்கு இது ஓர் இசை விவாதம். நம் சேலம், தருமபுரிப் பக்கத்துக் கூத்துக்காரர்களுக்கு? கூத்து மேடையில் ஆர்மோனியக்காரர் இல்லாமல் ராஜா வேடம் வாய் திறக்காது. அந்தப் பெட்டிக்குக் கதவைச் சாத்தினால் அதோடு வரும் ஆட்களுக்கும் பாதிக் கதவு சாத்தியதாகத்தான் அர்த்தம். தடை போட்டவர்கள் கூத்துக்காரரை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நினைத்துப் பார்க்கப்படாமலேயே வெளியே நிற்பது நமக்குப் பழகிய விஷயம்.

1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரைப்பாடல்களை வானொலியிலிருந்து விலக்கினார். செவ்விசையைக் கொடுத்து மக்களின் ரசனையை உயர்த்துவது அவர் திட்டம். மக்கள் என்ன செய்தார்கள்? பெட்டியின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். இரவில் மத்திய அலையும் சிற்றலையும் வானில் பட்டுத் திரும்பி நெடுந்தூரம் வரும். கொழும்பின் பாட்டு தமிழ்நாட்டு வீடுகளில் ஒலித்தது. 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதியைத் தொடங்கி அரசு இறங்கி வந்தது. கேட்பவருக்கும் ஒரு பலம் உண்டு என்பதை இந்த ஐந்தாண்டுக் கதை காட்டுகிறது.

பேச்சுத் தமிழுக்கும் இதே கதிதான். எங்கள் பக்கத்தில் மழையை 'மய' என்பார்கள், வாழையை 'வாய' என்பார்கள். ழகரம் பிசகினால் குரல் தேர்வில் கதை முடிந்தது. மழைக்காகக் காத்திருக்கும் வாய் மழையைப் பற்றி வானொலியில் பேசத் தகுதியில்லாமல் போனது.

இந்த இடத்தில் பாபாசாகேப் அம்பேத்கரை நினைக்க வேண்டும். 1942 நவம்பரில், வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, பம்பாய் வானொலியில் இந்தியத் தொழிலாளரும் போரும் என்ற பொருளில் பேசினார். பழைய ஒழுங்கைக் காப்பாற்றுவதற்காகத் தொழிலாளி போரை ஆதரிக்கவில்லை, சுதந்திரமும் சமத்துவமும் சகோதரத்துவமும் உள்ள புதிய ஒழுங்குக்காகவே ஆதரிக்கிறான் என்பது அந்த உரையின் சாரம். 1954 அக்டோபர் 3 அன்று மீண்டும் வானொலியில் தம் சொந்தத் தத்துவத்தைப் பற்றிப் பேசினார். அதே மூன்று சொற்களைச் சொல்லி, அவற்றைப் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து கடன் வாங்கவில்லை, புத்தரிடமிருந்து பெற்றேன் என்று நாட்டுக்கே அறிவித்தார். தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்டவரின் குரல் எந்தத் தெரு, எந்த வீடு என்று பாராமல் உள்ளே போனது. வானொலியால் என்ன முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அந்தக் கதவு திறக்க அம்பேத்கர் அளவுக்கு உயர வேண்டியிருந்தது. அவருக்காகப் போராடிய பல்லாயிரம் பேர் பேச ஒரு நிமிடமும் இல்லை.

பஞ்சாயத்து ரேடியோ

இனி என் ஊருக்கு வருகிறேன். பெயர் வேண்டாம்; உங்கள் ஊரும் அப்படித்தான் இருந்திருக்கும்.

எங்கள் ஊரில் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. ஊர் நடுவே ஒரு சிறு அறை, உள்ளே பெட்டி, வெளியே கம்பத்தில் கூம்பு ஒலிபெருக்கி. மாலையானால் ஒருவர் வந்து பூட்டைத் திறந்து போடுவார். சுற்றிலும் சிமெண்டு மேடை. மேடையில் ஊர்க்காரர்கள் உட்காருவார்கள். எங்கள் சேரி ஆட்கள் அந்தப் பக்கம் போய் உட்கார முடியாது. ஓடைக் கரையில், எங்கள் தெரு தொடங்கும் இடத்தில், என் தாத்தாவும் நாலைந்து பேரும் குந்தியிருப்பார்கள். காற்று எங்கள் பக்கம் அடித்தால் தெளிவாகக் கேட்கும். எதிர்க்காற்றானால் பாதிதான்.

கால் போக முடியாத இடத்திலிருந்து குரல் எங்களைத் தேடி வந்தது. இதற்காக வானொலிக்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும். காலை 7.15க்குத் தில்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசித்தால் அது ஊருக்கும் சேரிக்கும் ஒரே செய்திதான். 'வீடும் வயலும்' கேட்டுக் கேட்டு என் தாத்தாவுக்கு யூரியா, சூப்பர் பாஸ்பேட், எந்தப் பயிருக்கு எத்தனை நாளில் மேலுரம் என்பதெல்லாம் மனப்பாடம். அவர் பெயரில் ஒரு சென்ட் நிலம் இல்லை. அந்த அறிவை எங்கே பயன்படுத்தினார் தெரியுமா? அவர் கூலி வேலை செய்த வயலில். உடையவருக்கு விளைச்சல் கூடியது. தாத்தாவின் கூலி அதே இடத்தில் நின்றது.

சிறுவயதில் இது எனக்கு வேடிக்கையாகத் தோன்றியது. பிறகு படித்தபோதுதான் இதற்கு ஒரு வரலாறு இருப்பது புரிந்தது.

ரேடியோ நெல்

1956இல் யுனெஸ்கோவின் உதவியோடு புனேயைச் சுற்றிய ஐந்து மாவட்டங்களில் 150 கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு வானொலிக் குழு. நிகழ்ச்சியைக் கேட்க வேண்டும், கேட்டதும் விவாதிக்க வேண்டும், விவாதித்ததைச் செயல்படுத்த வேண்டும், கேள்வியை நிலையத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். கேட்பவரும் திரும்பப் பேசலாம் என்பதே இதில் புதுமை. சமூகவியலாளர் பால் நியூராத் இதை ஆராய்ந்து, குழு இருந்த கிராமங்களில் மக்களின் அறிவு நன்றாக வளர்ந்ததைக் காட்டினார். 1959இல் இந்தத் திட்டம் நாடு முழுவதற்கும் விரிந்தது. விரிந்ததே தவிர, எழுதி அனுப்பிய கேள்விக்குப் பதில் வரும் என்ற உயிர்நாடி நிலைக்கவில்லை. பேசுவது நிலையம், கேட்பது கிராமம் என்ற பழைய பாதைக்கே வானொலி திரும்பியது.

1966இல் வேளாண்மைக்கென்று தனிப் பிரிவுகள் வானொலி நிலையங்களில் வந்தன. பசுமைப் புரட்சியின் காலம் அது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 என்ற நெல்லைத் திருச்சி வானொலி ஓயாமல் எடுத்துச் சொன்னது. தஞ்சை விவசாயிகள் அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வளர்ச்சித் தொடர்பியல் பாடத்தில் இன்றைக்கும் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். பெருமைப்படத் தகுந்ததுதான். ஒரு நிலையத்தின் குரல் ஒரு வட்டாரத்தின் விதையையே மாற்றியது.

அதே தஞ்சை மாவட்டத்தில், அதே ஆண்டுகளில், அந்த நெல்லை நட்டு அறுத்தவர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து இறந்தார்கள். பெண்கள், பிள்ளைகள், முதியவர்கள், தலித் மக்கள்.

விதை, உரம், பூச்சிமருந்து, கடன் என்று விவசாய நிகழ்ச்சிக்குப் பல தலைப்புகள் உண்டு. எல்லாமே நிலம் உள்ளவரை நோக்கிச் சொல்லப்படுபவை. கூலிக்கு நடுபவரை நோக்கி, உன் மரக்கால் எவ்வளவு, சட்டப்படி உனக்கு எவ்வளவு வர வேண்டும் என்று பேசுவது வேளாண்மை நிகழ்ச்சியாகக் கருதப்படவில்லை. வானொலி பொய் சொன்னது என்று நான் குற்றம் சாட்டவில்லை. அது சொன்னதெல்லாம் உண்மை. 'விவசாயி' என்ற சொல்லுக்குள் யாரை வைத்தது, யாரை விட்டது என்பதுதான் என் கேள்வி. என் தாத்தா ஓடைக் கரையில் உட்கார்ந்து கேட்டது வேறொருவருக்குச் சொல்லப்பட்ட பேச்சு.

உள்ளூர் நிலையம், வெளியூர்ச் செய்தி

பெரிய நிலையங்கள் எட்டாத வட்டாரங்களுக்குச் சிறிய நிலையங்கள் வேண்டும் என்ற எண்ணத்தில் உள்ளூர் வானொலி வந்தது. நாட்டின் முதல் உள்ளூர் நிலையம் நாகர்கோவிலில் 1984இல் தொடங்கியது. பின்னர் நம் தருமபுரிக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. பண்பலை 102.5 மெகா ஹெர்ட்ஸ். பண்பலை அலை ஏறத்தாழ நேர்க்கோட்டில் போகும். மலை மறைத்தால் நிழல் விழும். உயரத்தில் இருந்தால் தூரம் எட்டும். கொடைக்கானலில் கோபுரம் வைத்ததால்தான் அந்தப் பண்பலை தென்மாவட்டச் சமவெளியெங்கும் கேட்கிறது. வானொலிக்கு மலை வேண்டியிருக்கிறது, கோபுரம் நடுவதற்கு. மலையில் வாழ்பவர் வேண்டுமா என்பது தனிக் கேள்வி. உதகை நிலையம் நீலகிரிப் பழங்குடிகளின் பேச்சிலும் பாட்டிலும் நிகழ்ச்சிகள் செய்திருக்கிறது. அதனால் முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது.

உள்ளூர் நிலையத்தின் நிகழ்ச்சி அடுக்கு உங்களுக்குத் தெரியும். காலையில் பக்திப் பாடல், வேளாண்மை, உடல்நலம், மகளிர், சிறுவர், நேயர் விருப்பம், இடையில் நாட்டுப்புறப் பாடல். நம்மவர் குரல் அதிகம் வருவது இந்தக் கடைசி இடத்தில்தான். நடவுப் பாட்டு, ஒப்பாரி, கும்மி. அவை நம் செல்வம், சந்தேகமில்லை. ஆனால் பாடும்போது மட்டும் வாய் திறக்க விட்டு, பேசும்போது வேறொருவரை அழைத்தால் அதற்கு என்ன பெயர்? காடு யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் அதிகாரி வருகிறார். மிளகுக்கு என்ன விலை என்றால் துறை வருகிறது. 2023ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது சாமையின் சத்தைப் பற்றி எங்கும் நிபுணர்கள் பேசினார்கள். சாமையை ஒருநாளும் கைவிடாத மலை இது. இங்குள்ள ஒருவர் அந்த ஆண்டில் நிபுணராக எத்தனை மேடையில் அமர்த்தப்பட்டார்?

இதைவிடப் பெரிய வெற்றிடம் செய்தி. உள்ளூர் நிலையம் கிட்டே இருக்கிறது. செய்தி சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் தில்லியிலிருந்தும் வருகிறது. தனியார் பண்பலைகளுக்குச் சொந்தச் செய்தி உரிமையே இல்லை.

இதன் விலையை நம் மாவட்டம் அறியும். 1992 ஜூன் 20 அன்று அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். அடித்தார்கள், சூறையாடினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வத்தல்மலை மக்களைப் போலவே மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர் அது. மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் போய் நேரில் கேட்டு வெளியே கொண்டுவந்த பிறகே உலகம் அறிந்தது. 269 பேர் மீது வழக்கு; தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள்; மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இடையில் ஓடியவை 31 ஆண்டுகள். அந்தப் பெண்கள் தம் வாயால், தம் பேச்சில், ஜூன் 21ஆம் தேதி காலையில் பேசக்கூடிய ஒரு மைக் அரூரில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிக்கிறேன்.

2012 நவம்பர் 7 அன்று நாய்க்கன்கொட்டாய்ப் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டபோதும் இதே கேள்விதான். நம்மைப் பற்றிய செய்தி எப்போதும் எரிந்து முடிந்த பிறகு வருகிறது, வேறொருவர் வாயால் வருகிறது.

மாச்சனூர் காட்டிய வழி

1995 பிப்ரவரி 9 அன்று உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு தந்தது. வழக்கு கிரிக்கெட் ஒளிபரப்பைப் பற்றியது. நீதிபதிகள் சொன்னது அதைவிடப் பெரிது: அலைவரிசைகள் பொதுச்சொத்து, அவை அரசின் ஏகபோகமாகவும் இருக்கக் கூடாது, பணம் படைத்தவரின் ஏகபோகமாகவும் ஆகக் கூடாது. தந்திச் சட்டம் போட்ட பூட்டு 110 ஆண்டுகளுக்குப் பிறகு ஆடியது.

ஆடியதே தவிர உடனே திறக்கவில்லை. தனியார் பண்பலைகள் ஏலத்தில் வந்தன. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் சமுதாய வானொலி அனுமதி கிடைத்தது. 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். வந்தது. மக்கள் அமைப்புகளுக்கு வாசல் திறந்தது 2006 நவம்பரில்தான்.

அன்றைய மேதக் மாவட்டத்தில், சகீராபாத் பக்கம், தக்காண வளர்ச்சிக் கழகம் என்ற அமைப்பில் கிராமந்தோறும் தலித் பெண்களின் சங்கங்கள் இருந்தன. சிறுதானியம் விளைவித்து, விதையைத் தாமே சேமித்து வைத்திருந்த பெண்கள் அவர்கள். 1990களின் இறுதியிலேயே யுனெஸ்கோ உதவியோடு ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துவிட்டார்கள். உரிமம் வரவில்லை. ஏறத்தாழ பத்தாண்டுகள் ஒலிப்பதிவு செய்து, நாடாக்களில் சேர்த்து, சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். 2008 அக்டோபர் 15 அன்று மாச்சனூர் கிராமத்திலிருந்து 'சங்கம் ரேடியோ' ஒலித்தது. தொடங்கிவைத்தவர் 1995 தீர்ப்பை எழுதிய நீதிபதிகளில் ஒருவரான பி.பி. சாவந்த்.

நிலையத்தை நடத்தியவர்கள் நரசம்மா என்று ஒரே பெயர் கொண்ட இரண்டு தலித் பெண்கள். அறிவிப்பு, ஒலிப்பதிவு, தொகுப்பு எல்லாம் அவர்களே. பேசியது அவர்கள் ஊர்த் தெலுங்கு. எந்தக் குரல் தேர்விலும் அந்தத் தெலுங்கு தேறியிருக்காது. விதையைப் பற்றி விதை வைத்திருப்பவள் பேசினாள். கேட்பவள் அடுத்த வாரம் வந்து மைக்கில் பேசினாள். 1956இல் புனேயில் காகிதத்தில் இருந்த கனவு இங்கே கைக்கு வந்தது.

சமுதாய வானொலியின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 100 வாட் சக்திதான் அனுமதி. 30 மீட்டர் கோபுரம். சொந்தச் செய்தி கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மறு ஒலிபரப்பு செய்யலாம். மின்தடை, குடிநீர், தேர்வு முடிவு, திருவிழா ஆகியவற்றை அறிவிக்கலாம். அதாவது, நாளை மின்சாரம் இருக்காது என்று நம் பெண் சொல்லலாம். நேற்று எங்கள் காலனியை எரித்தார்கள் என்று சொன்னால் உரிமத்துக்கே ஆபத்து. பூட்டு முழுக்க உடையவில்லை.

நாம் கேட்க வேண்டியவை

பொது வானொலியை விட்டுவிட்டு நமக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொண்டால் போதும் என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. தருமபுரி நிலையம் நம் வரிப்பணத்தில் நடக்கிறது. 1997இல் பிரசார் பாரதி தன்னாட்சி அமைப்பாக வந்தபோது அது மக்களின் நிறுவனமாக இருக்கும் என்று சொல்லப்பட்டது. பள்ளிக்கூடம் நம்மை உட்கார விடவில்லை என்பதற்காக நாம் பள்ளிக்கூடத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தோம். வானொலியும் அப்படித்தான். இரண்டு வேலையையும் செய்ய வேண்டும்.

மாணவர்களுக்கு முதல் வேலை தருகிறேன். தகவல் உரிமைச் சட்டம் 2005 உங்கள் கையில் இருக்கிறது. ஒரு வாரத்தில் நிலையம் தானே தயாரித்து ஒலிபரப்பும் நேரம் எவ்வளவு, வேறு நிலையத்திலிருந்து தொடர் ஒலிபரப்பாக வருவது எவ்வளவு என்று கேளுங்கள். உரைக்கும் நேர்காணலுக்கும் அழைக்கப்பட்டவர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர், பாட்டுக்கு அழைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று தனித்தனியாகக் கேளுங்கள். தற்காலிக அறிவிப்பாளர் தேர்வில் இடஒதுக்கீடு எப்படிப் பின்பற்றப்படுகிறது என்று கேளுங்கள். நம் பாட்டிகள் பாடிய பழைய ஒலிநாடாக்கள் இருக்கின்றனவா, அழிக்கப்பட்டனவா, பாடியவர் பெயரும் ஊரும் பதிவில் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் வந்தால் அது வரலாற்று ஆவணம். வராவிட்டால் அதுவும் ஆவணம்.

இரண்டாவது, நிலையங்களுக்கு நிகழ்ச்சி ஆலோசனைக் குழு என்ற ஏற்பாடு பழையது. அதில் வத்தல்மலையிலிருந்தும் சித்தேரியிலிருந்தும் காலனிகளிலிருந்தும், குறிப்பாகப் பெண்கள், உட்கார வேண்டும் என்று கோருவோம். பாட்டுக்கு நேரம் கேட்பதோடு நிறுத்தக் கூடாது. என்ன பேசுவது என்று முடிவெடுக்கும் நாற்காலி வேண்டும். வேளாண்மை நிகழ்ச்சியில் கூலியும், வன உரிமைச் சட்டம் 2006இன் கீழ் பட்டா கேட்பதும் தலைப்பாக வேண்டும்.

மூன்றாவது, உரிமத்துக்குக் காத்திருக்க வேண்டாம். மாச்சனூர்ப் பெண்கள் காத்திருந்த பத்தாண்டும் ஒலிப்பதிவு செய்தார்கள். உங்கள் ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் கைபேசி அன்று அவர்களிடம் இருந்த கருவியைவிட எளிது. இந்த மலைக்குச் சாலை வரும் முன்பு கழுதை மேல் பொதி ஏற்றியவர்கள், நோயாளியைத் தூளி கட்டிச் சுமந்து இறங்கியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பால்சிலம்பிலும் சின்னங்காட்டிலும் போய் உட்கார்ந்து, அவர்கள் அனுமதியோடு, அவர்கள் பேச்சை அப்படியே பதியுங்கள். மய என்றால் மய என்றே இருக்கட்டும். பதிந்ததை முதலில் அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள்.

அந்த ஆயாவுக்கு என் பதில் இதுதான்: கேட்கும் ஆயா. கீழே கேட்க வைக்கும் கருவி நூறாண்டாக இருக்கிறது. சட்டம் முப்பதாண்டாகப் பாதி நம் பக்கம் இருக்கிறது. மைக்கைக் கொண்டுவந்து உங்கள் திண்ணையில் வைக்க வேண்டியது மட்டும் பாக்கி. கூட்டம் முடிந்ததும் நாங்கள் பெரியூருக்கு வருகிறோம். சாமை புடைத்து முடித்துவிட்டால் பேசலாம். முடிக்காவிட்டால் முறத்தின் சத்தமும் பதிவில் இருக்கட்டும்.